நரம்பு நோய்ச் சிகிச்சையில் நோயாளியின் சொல்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் எலெக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு கிராமங்களின் நிலத்தில் கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகம் 1970-களின் பிற்பகுதியில் இதனை அமைக்கத் தொடங்கியது. இன்று இங்கு மென்பொருள் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அவற்றைச் சுற்றிக் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்து குடியேறியவர்களுள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தமிழர்கள் பலர். தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோரும் உளர். ஒரே தெருவில் ஐந்து மொழிகளைக் கேட்கலாம்.

இதே நெடுஞ்சாலையில் நகரை நோக்கிச் சென்றால், நிம்ஹான்ஸ் என்று எல்லோராலும் சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகத்தை அடையலாம். பழைய மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையும், 1954-இல் மத்திய அரசு நிறுவிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974 டிசம்பர் 27-ஆம் நாள் ஒன்றாக இணைந்து இக்கழகம் தோன்றியது. 2012-இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியையும் இது பெற்றது. சேலம் வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் "தலைக்குள் ஏதோ கோளாறு" என்று ஒருவருக்குச் சொல்லப்பட்டால், அடுத்த சொல் பெரும்பாலும் "பெங்களூருக்குக் கொண்டு போங்கள்" என்பதாகவே இருக்கும். இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் வந்து இறங்கி, புறநோயாளிப் பகுதியில் வரிசையில் நிற்கும் குடும்பங்களை அங்கு எந்நாளும் காணலாம்.

அவ்வாறு வந்து நிற்பவர் மருத்துவரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் அவர் என்ன சொல்கிறார், அது எவ்வாறு கேட்கப்படுகிறது என்பது நரம்பியல் துறையில் ஏனைய துறைகளைக் காட்டிலும் பெரிய பொருளாகும். கால் முறிந்தவனின் எக்ஸ்ரே படம் அவன் வாய் திறவாவிட்டாலும் உண்மையைக் கூறிவிடும். வலிப்பு நோயாளியின் நிலை வேறு. அவன் மருத்துவரின் முன் அமரும்போது பெரும்பாலும் முழு நலத்துடன் காணப்படுகிறான். வலிப்பு மூன்று நாட்களுக்கு முன் வயலிலோ குளியலறையிலோ வந்து போய்விட்டது. நோய் நேர்ந்த பொழுதில் அவனுக்கே நினைவு இல்லை. ஆகையால் கண்டவர் எவரோ, அவருடைய சொல்லே சான்று.

மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி இருக்கின்றதே என்று வாசகர் கேட்கலாம். ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாக 1924-இல் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். இன்று அக்கருவி சிறு நகர மருத்துவமனைகளிலும் உள்ளது. ஆயினும் அது பதிவு செய்வது அரை மணி நேரத்து மூளையை மட்டுமே. வலிப்பு நோயுள்ள பலருக்கு முதற் பதிவு இயல்பாகவே இருக்கும். "ரிப்போர்ட் நார்மல் என்று எழுதியிருக்கிறது, ஆனால் டாக்டர் மூன்று வருடம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்" என்று குழம்பும் தகப்பனார்களைக் களப்பணியாளர் பலர் சந்தித்திருப்பர். இக்குழப்பத்தை நீக்க இரண்டு வாக்கியங்கள் போதும். அவை சொல்லப்படாத இடத்தில், நார்மல் என்று எழுதப்பட்ட தாளே மாத்திரையை நிறுத்தும் சீட்டாக மாறிவிடுகிறது.

நோயாளியின் சொல்லைக் கேட்டதனால் ஒரு நோயே புலப்பட்ட வரலாறு நம் தென்னாட்டுக்கு உண்டு. அதுவும் பெங்களூரைச் சார்ந்ததே.

தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வலிப்பு வருகிறது. 1945-இல் நியூசிலாந்திலிருந்து இத்தகைய ஒரு நிகழ்ச்சி மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. அது ஓர் அபூர்வச் செய்தியாகவே கருதப்பட்டது. 1960-களில் பெங்களூரில் நரம்பியல் நிபுணர் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய சக ஊழியர்களும் தம்மிடம் வந்த வலிப்பு நோயாளிகள் சிலர் மீண்டும் மீண்டும் ஒன்றையே கூறுவதைக் கவனித்தனர். தலைக்குக் குளிக்கும் நாளில்தான் வருகிறது, மற்ற நாட்களில் வருவதில்லை என்பதே அது. இதனைப் பாமரரின் பிழைபட்ட எண்ணம் என்று ஒதுக்கியிருக்கலாம். குளித்ததும் வந்தது, வெயிலில் நின்றதும் வந்தது, பயந்ததும் வந்தது என்று காரணங்கள் கூறப்படுவது மருத்துவமனைகளில் அன்றாட வழக்கம். அவர்கள் ஒதுக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு சூடு, தலையில் எவ்வாறு ஊற்றுகிறீர்கள், எத்தனை சொம்பு ஊற்றிய பிறகு, உடம்புக்கு மட்டும் ஊற்றினால் வருகிறதா என்று மேலும் கேட்டனர். 1968-இல் இதைப் பற்றிய முதற் குறிப்பு வெளியாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1988-இல், நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் பி. சதீஷ்சந்திராவும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியாவில் மட்டும் இத்தகைய 279 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டனர். உலகில் வேறெங்கும் இத்தனை பேர் ஒருங்கே கண்டறியப்பட்டதில்லை.

இந்நோய் இங்கு மிகுந்திருப்பதற்கு நம் குளியல் முறையும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அண்டாவில் காய்ந்த நீரைச் சொம்பு சொம்பாக, இடைவிடாமல் தலையில் ஊற்றிக்கொள்வது நம் பழக்கம். அந்நீரின் வெப்பம் 40 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு வரை இருப்பதுண்டு. உடலுக்கு மட்டும் ஊற்றினால் வராத வலிப்பு, தலையில் விரைந்து ஊற்றும்போது வருகிறது. நோயாளிகளுள் சிறுவர்களும் இளைஞர்களும் மிகுதி. பெண்களைவிட ஆண்கள் மிகுதி. ஒரு பகுதியினரின் குடும்பத்தில் பிறருக்கும் இந்நோய் காணப்படுகிறது. வெப்பத்தைச் சீராக்கும் மூளையின் ஆற்றலில் பரம்பரையாக வரும் ஒரு குறை இதற்கு அடிப்படையாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. பெங்களூரிலேயே உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் இக்குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்துள்ளது.

எல்லா வலிப்பும் கை கால் வெட்டி இழுத்துக் கீழே விழும் வலிப்பு அன்று. இந்நோயாளிகளுள் பெரும்பாலோர் குளியலறையில் சில நிமிடம் திகைத்து நிற்பர். தொடர்பின்றி ஏதோ பேசுவர். அழைத்தால் மறுமொழி இராது. வீட்டார் இதனைப் பித்தம் என்பர், நீர் கோத்துக்கொண்டது என்பர். இன்னும் ஒன்று உண்டு. ஒரு சிலருக்கு அத்தருணத்தில் ஒருவகை இன்ப உணர்வு தோன்றுகிறது; அதனால் நிறுத்த மனமின்றி மேலும் மேலும் வெந்நீரை ஊற்றிக்கொண்டே இருப்பர். இதனை எந்தச் சிறுவனும் தானாக முன்வந்து தந்தையின் எதிரில் சொல்லமாட்டான். தனித்து, பொறுமையாக, வெட்கம் தோன்றாதவாறு கேட்ட மருத்துவருக்கே அது தெரிய வந்திருக்கும்.

கேட்டதன் பயன் சிகிச்சையிலும் விளைந்தது. காரணம் தெரிந்துவிட்டால் பலருக்கு வெதுவெதுப்பான நீரில் குளிப்பதே போதுமாகிறது. அதற்கும் அடங்காதவர்களுக்குத் தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக, குளோபசாம் என்னும் மாத்திரை கொடுக்கப்படுகிறது. மற்ற நேரங்களிலும் தாமாகவே வலிப்பு வருபவர்களுக்குத்தான் நாள்தோறும் மருந்து வேண்டியிருக்கிறது. கேளாதிருந்தால் அனைவருமே ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மருந்துண்ண நேர்ந்திருக்கும்.

இனி, சொல்பவர் ஒரு மொழியிலும் கேட்பவர் வேறு மொழியிலும் இருக்கும் நிலையைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்னும் முறையில் இதில் எனக்கு ஓர் அனுபவம் உண்டு. பெருமைக்குரிய அனுபவம் அன்று.

என் அத்தை எலெக்ட்ரானிக் சிட்டியில் தம் மகனுடன் வசித்து வருகிறார். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவருக்கு அவ்வப்போது மயக்கம் வருவதாகச் சொன்னதன் பேரில், விடுமுறையில் அங்கிருந்த நான் அவரை அருகிலிருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் இளைஞர், அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் அமர்ந்தேன். "மயக்கம்" என்று அத்தை கூறியதை, தலைசுற்றல் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லால் நான் பெயர்த்தேன். அந்த ஒரு சொல்லிலிருந்து காதின் உட்பகுதிக் கோளாறு என்னும் முடிவும், அதற்கான மாத்திரையும் பிறந்தன. ஏழு மாதங்கள் அம்மாத்திரை உட்கொள்ளப்பட்டது. மயக்கம் நிற்கவில்லை.

தமிழில் மயக்கம் என்பது தலைசுற்றலையும் குறிக்கும். கண் இருட்டி விழுவதையும் குறிக்கும். நினைவு தப்பிக் கிடப்பதையும் குறிக்கும். பசிக் களைப்பையும் குறிக்கும். நரம்பியலிலோ இந்நான்கும் நான்கு வெவ்வேறு நோய்களுக்கு வழிகாட்டுவன. "மரத்துப் போகிறது" என்பதும் அத்தகையதே. தொட்டால் உணர்ச்சி இல்லை என்று ஒருவர் அதனைக் கூறுவார். கையைத் தூக்க வலுவில்லை என்று மற்றொருவர் அதே சொல்லால் கூறுவார். "இழுப்பு" என்பது சில வட்டாரங்களில் வலிப்பையும், வேறு சில இடங்களில் மூச்சிரைப்பையும் குறிக்கும். இருபது ஆண்டுகளாகச் சொற்களுடன் பழகிய நான் அத்தையிடம் "எந்த மயக்கம்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் என்பதாலேயே அவர் கூறுவது எனக்கு விளங்கிவிட்டதாக எண்ணினேன்.

பின்னர் வேறொரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் அத்தையிடம் அதிகம் கேட்கவில்லை. "இது வரும்போது உடன் இருந்து பார்த்தவர் யார்?" என்பதே அவருடைய முதற் கேள்வி. மகன் பகலில் அலுவலகத்தில் இருப்பவர். பார்த்தவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒருவரே, கன்னடம் பேசுபவர். அதுவரை அவரை எவரும் கேட்டதில்லை. மறுமுறை அவரையும் உடன் அழைத்துச் சென்றோம். அவர் நாற்காலியில் அமர முதலில் இசையவில்லை. மருத்துவர் வற்புறுத்திய பின் அமர்ந்தார். பிறகு தாம் கண்டதைக் கண்டபடியே கூறினார். அத்தை பேச்சை நடுவில் நிறுத்திவிடுவார், ஓரிடத்தையே பார்ப்பார், வாய் எதையோ மெல்லுவது போல அசையும், வலக்கை புடவைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து இழுக்கும், கூப்பிட்டால் கேட்காது, பால் பொங்கி அடங்கும் நேரத்துக்குள் தெளிந்துவிடுவார், பிறகு "மயக்கமாக வந்தது" என்பார். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு அது. முன்பு எப்போதோ நேர்ந்து, கவனிக்கப்படாமல் போன சிறு பக்கவாதத்தின் தழும்பு ஸ்கேன் படத்தில் காணப்பட்டது.

இக்காலத்தில் கைப்பேசி இல்லாத வீடு அரிது. வலிப்பு வரும்போது, நோயாளிக்கு வேண்டிய உதவியை ஒருவர் செய்துகொண்டிருக்க, மற்றொருவர் அதனைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தல் மருத்துவருக்குப் பெருந்துணையாகும். படம் எந்த மொழிபெயர்ப்பாளரையும் வேண்டுவதில்லை.

நோய் இன்னதென்று கண்ட பிறகும் பேச்சின் தேவை முடிந்துவிடுவதில்லை. டாக்டர் எம். கௌரி தேவியின் தலைமையில் நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் பெங்களூர் நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலுமாக 1,02,557 பேரிடையே வீடு வீடாகச் சென்று ஓர் ஆய்வு நடத்தினர். ஆயிரம் பேருக்கு 8.83 பேர் வீதம் வலிப்பு நோய் காணப்பட்டது. நகரத்தில் இவ்வீதம் 5.7, கிராமத்தில் 11.9. அதாவது நிபுணர்கள் குறைவாக உள்ள இடத்தில் நோய் இருமடங்கு. வலிப்புக்கு மருந்துகள் கிடைப்பது அரிதன்று. பீனோபார்பிடோன் 1912 முதலும் பெனிடாயின் 1938 முதலும் பயன்பட்டு வருகின்றன. இரண்டும் விலை மலிவானவை. கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் டாக்டர் மணியின் குழுவினர் இந்த எளிய மருந்துகளைக் கொண்டே பல ஆண்டுகள் சிகிச்சை நடத்தினர். அதன் முடிவுகள் 2001-இல் வெளியாயின. ஒழுங்காக மருந்து உட்கொள்ளச் செய்வதே அங்கு முக்கியப் பணியாக இருந்தது.

மருந்து ஏன் இடையில் நிறுத்தப்படுகிறது என்று களப்பணியாளர் கேட்டறிந்தால் விந்தையான விடைகள் கிடைக்கும். வலிப்பு நின்றுவிட்டது, ஆகவே நோய் தீர்ந்தது என்பது ஒன்று. காய்ச்சல் மாத்திரையும் இதுவும் ஒரே முறையில் கொடுக்கப்படுவதால் ஏற்படும் எண்ணம் இது. விரதம் இருந்தோம், பயணம் போனோம், மருந்துக்கடையில் அந்தப் பெயர் இல்லை என்பன வேறு சில. திடீரென நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் வந்து உயிருக்கே கேடு விளையலாம் என்பது இவர்களுள் பலருக்குச் சொல்லப்பட்டிருப்பதில்லை. சொல்லப்பட்டிருந்தாலும், முதல் நாள் அதிர்ச்சியில் அமர்ந்திருந்தவர் காதில் அது விழுந்திராது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பு வராதிருந்த பின்னரே மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் ஆலோசிப்பது வழக்கம். அதுவும் சிறிது சிறிதாக.

வீட்டார் மறைப்பதும் உண்டு. இதில் அவர்களை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வரும் வலிப்பு நோய் இந்துத் திருமணச் சட்டத்திலும் தனித் திருமணச் சட்டத்திலும் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-இல்தான் பாராளுமன்றம் அச்சொல்லை நீக்கியது. சட்டம் மாறிய செய்தி பல கிராமங்களை இன்னும் எட்டவில்லை. மணமான பெண், மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்துவைத்து உண்பதும், கர்ப்பமானதும் அச்சத்தால் நிறுத்திவிடுவதும் நடைபெறுகின்றன. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யக்கூடும் என்பது உண்மை. ஆகையால் மருந்தை மாற்றுவது பற்றிக் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசவேண்டும்; தானே நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. இதைக் கணவரும் மாமியாரும் சூழ அமர்ந்திருக்கும் அறையில் ஒரு பெண் எவ்வாறு கேட்பாள்? கிராம சுகாதாரச் செவிலியரோ ஆஷா பணியாளரோ அவளிடம் தனியே பேசி, கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து அனுப்புதல் கூடும்.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென நிறுத்தி, பத்து இருபது விநாடிகள் வெறித்துப் பார்த்து, மீண்டும் விட்ட இடத்திலிருந்து எழுதுமாயின், நாளில் பன்முறை இது நேருமாயின், அதனைக் கவனக்குறைவு என்று கண்டித்தல் தகாது. பெற்றோர் காணாத இந்த வலிப்பை ஆசிரியரே முதலில் காண்கிறார். எந்நேரத்தில், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறித்து, அக்குறிப்பைப் பெற்றோர் வசம் கொடுத்தனுப்பினால், மருத்துவருக்கு அதைவிட மேலான பதிவு கிடையாது. பெரிய வலிப்பு வந்து மாணவன் விழுந்தால், அருகிலுள்ள பெஞ்சுகளை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அதனால் நன்மை ஏதும் இல்லை. சாவியைத் தேடி ஓடுவதில் ஓர் ஆளின் உதவி வீணாவதுதான் மிச்சம். ஐந்து நிமிடத்துக்கு மேலும் வலிப்பு நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓசூர் சாலையில் 2010-இல் மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. மருத்துவமனைக்குச் செல்லும் நேரம் குறைந்துள்ளது. உள்ளே சென்றபின் பேசக் கிடைக்கும் நேரம் பழையபடியே. ஆகவே என் அத்தை வீட்டில் இப்போது ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் சமையலறை ஆணியில் தொங்குகிறது. தேதி, நேரம், கண்டது என்று மூன்று பத்திகள். முதல் இரண்டினை அத்தை தமிழில் எழுதுகிறார். மூன்றாவது பத்தி வேலைக்கு வரும் அந்த அம்மாளின் மகள், எட்டாம் வகுப்பில் படிப்பவள், தாய் சொல்லச் சொல்லக் கன்னடத்தில் எழுதுவது. சென்ற முறை மருத்துவர் அதனை வாங்கி இரு பக்கங்களையும் தாமே படித்தார். என்னை மொழிபெயர்க்கும்படி கேட்கவில்லை.